சமய நிந்தனைச் சட்டமும் பிறநாட்டார் நெருக்குதலும்

(வடமராட்சியில் வாசிகசாலை ஒன்றின் முன்றிலில் நடைபெற்ற பொதுக்கூட்டத்திற் சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய உரை)



இக்கூட்டத்தின் இறுதியில் இரண்டு தீர்மானங்கள் உங்கள் வாக்குக்கு விடப்படவுள்ளன. வடக்குக் கிழக்கில் நமது ஆலயங்களுக்கும் வழிபாட்டுக்கும் நேரும் இடையூறுகளை நீக்குமாறு இலங்கை அரசை ஐரோப்பிய நாடுகளும் ஐக்கிய நாடுகள் சபையும் நெருக்க வேண்டும் என்பது முதலாவது. சைவ சமயத்தையோ அதன் மூர்த்திகளையோ நிந்திப்பவனைப் பிணையின்றிச் சிறையில் வைக்க ஒரு கடுஞ்சட்டம் வேண்டும் என்பது இரண்டாவது. இரண்டையும் எழுதியவர்கள் என் நண்பர்கள். அவர்களது மனவேதனை எனக்கும் உரியதே. எனினும், முதலாவதைப் பற்றி ஓர் எச்சரிக்கை கூறவும், இரண்டாவதை வெளிப்படையாக எதிர்க்கவும் எழுந்து நிற்கிறேன்.

இதற்குப் பாக்கிஸ்தானைச் சாட்சிக்கு அழைக்கிறேன். சமய நிந்தனைக்கு மரணதண்டனை விதிக்கும் சட்டம் அங்கே 1986 முதல் இருந்து வருகிறது. அதனை மாற்றுமாறு பாப்பரசரும், அமெரிக்காவும், ஐரோப்பிய ஒன்றியமும், ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர்களும் பல்லாண்டுகளாகக் கேட்டும் வருகின்றனர். நாம் இன்று கேட்கவிருக்கும் இரண்டும், அதாவது கடுஞ்சட்டமும் வெளியார் நெருக்குதலும், அந்த ஒரே நாட்டில் ஒருங்கே சோதித்துப் பார்க்கப்பட்டுவிட்டன. அவற்றின் விளைவைக் கண்டபின் வாக்களிப்போம்.

2009ஆம் ஆண்டு யூன் மாதம். பஞ்சாபில் ஷேக்குபுரா மாவட்டத்தைச் சேர்ந்த இத்தன் வாலி என்னும் சிற்றூர். கூலிப் பெண்கள் சிலர் வெயிலிலே பால்சா என்னும் சிறுபழம் பறித்துக்கொண்டிருந்தனர். அவர்களுள் ஒருத்தி ஆசியா பீபி என்னும் கிறிஸ்தவப் பெண். அவள் தண்ணீர் மொண்டு வந்தாள். கிறிஸ்தவப் பெண்ணின் கைபட்ட நீரைக் குடிக்க மாட்டோம் என்று உடன் வேலை செய்த முஸ்லிம் பெண்கள் சிலர் மறுத்தனர். வாய்ச்சண்டை மூண்டது. அச்சண்டையில் அவள் நபிகள் நாயகத்தை நிந்தித்தாள் என்று ஐந்து நாட் கழித்துப் பொலிசில் முறைப்பாடு எழுதப்பட்டது. 2010 நவெம்பரிற் கீழ்நீதிமன்றம் அவளுக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. ஒரு குவளைத் தண்ணீரிலே தொடங்கிய வழக்கு இது.

இங்கே ஒன்றைச் சொல்லிச் செல்ல வேண்டும். பஞ்சாபிலுள்ள கிறிஸ்தவர்களுட் பெரும்பாலார் துப்புரவுத் தொழிலுக்கென்று ஒதுக்கப்பட்ட ஒரு சாதியிலிருந்து மதம் மாறியோரின் வழிவந்தவர்கள். அந்தக் குவளையிலே மதம் மட்டும் இருக்கவில்லை, சாதியும் இருந்தது. இதைக் கேட்டு அவ்வூராரை இகழ நமக்கு அவசரம் வேண்டாம். நமது கிணற்றடிகளில் யார் அள்ளலாம், யார் பிறர் ஊற்றும்வரை காத்து நிற்கவேண்டும் என்று நாமும் விதித்திருந்தோம். தேநீர்க் கடைகளில் ஒரு சாராருக்குப் போத்தலில் ஊற்றிக் கொடுத்தோம். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே, உள்ளே சென்று கும்பிட வந்தவர்களை மறித்து நின்றோம். அவர்கள் உள்ளே வருவதே தெய்வ நிந்தனை என்று அன்று மனமார நம்பியோர் உண்டு. இன்று நண்பர்கள் கேட்கும் சட்டம் அன்று கையில் இருந்திருந்தால், அந்த வாசலில் நின்றவர்களுள் எத்தனை பேரைப் பிணையின்றி உள்ளே தள்ளியிருப்போம்? இரண்டாவது தீர்மானத்தை நான் அஞ்சுவதற்கு இதுவே முதற் காரணம்.

இனி இச் சட்டம் பிறந்த வகையைப் பார்ப்போம். இது அரேபியாவிலிருந்து வந்ததன்று, இங்கிலாந்துக்காரன் எழுதியது. மெக்காலே பிரபு தலைமையிலான ஆணைக்குழு 1837இல் வரைந்து, 1860இற் சட்டமான இந்தியத் தண்டனைச் சட்டக் கோவையிலே சமயம் தொடர்பான குற்றங்களுக்கென ஓர் அத்தியாயம் உண்டு. கோயிலை இடித்தல், வழிபாட்டைக் குழப்புதல், பிறர் சமய உணர்ச்சியைப் புண்படுத்தும் எண்ணத்தோடு பேசுதல் என்பன அதில் அடங்கும். எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவாக எழுதப்பட்டது; தண்டனையும் அளவோடு இருந்தது. நமது 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவை அதன் உடன்பிறப்பே. நீதிமன்றத்திலே நானும் என் சகபாடிகளும் புரட்டும் பிரிவுகளைத்தான் லாகூர்ச் சட்டத்தரணியும் வேறு இலக்கத்திற் புரட்டுகிறார்.

1927இல் ஒரு திருப்பம் நேர்ந்தது. நபிகள் நாயகத்தின் இல்வாழ்க்கையை இழிவுபடுத்தி லாகூரில் முன்னரே ஒரு நூல் வெளியாகியிருந்தது. அக்குற்றத்துக்குப் பொருந்தும் பிரிவு கோவையில் இல்லையென்று கூறி அதன் வெளியீட்டாளரை லாகூர் மேல் நீதிமன்றம் விடுவித்தது. கிளர்ச்சி எழுந்தது. அதனை அடக்க, 295ஏ என்னும் புதிய பிரிவை அரசு கொண்டுவந்தது. ஒரு வகுப்பாரின் சமய உணர்ச்சியை வேண்டுமென்றே, கெட்ட நோக்கோடு புண்படுத்தினால் இரண்டாண்டுச் சிறை. மத்திய சட்டசபையில் அம்மசோதாவை ஆராய்ந்தபோது, வரலாறு எழுதுவோரும் நேர்மையாகச் சமயத்தை விமரிசிப்போரும் இதில் அகப்படலாகாது என்று வற்புறுத்தியவர் வேறு யாருமல்லர், பாக்கிஸ்தானின் தந்தையான முகம்மது அலி ஜின்னாவே. சட்டம் வந்தும் இரத்தம் நிற்கவில்லை. 1929 ஏப்ரிலில் அவ்வெளியீட்டாளரை ஓர் இளைஞன் குத்திக் கொன்றான். அவன் மேன்முறையீட்டில் அவனுக்காக வாதாடியவரும் ஜின்னாவே! 1929 ஒக்டோபர் 31ஆந் திகதி அவன் தூக்கிலிடப்பட்டான். இந்தத் திகதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பிரிவில் இருந்த "வேண்டுமென்றே" என்னும் ஒரு சொல்லே குடிமகனுக்குக் காப்பு. மனத்திலே கெடுநோக்கு இருந்தது என்பதை வழக்குத் தொடுப்போர் நிறுவ வேண்டும். பாக்கிஸ்தானிலே படைத்தலைவர் ஸியா உல் ஹக்கின் ஆட்சி செய்த வேலை, அக்காப்பை அகற்றியதே. 1982இல் குர்ஆனை அவமதிப்போருக்கு ஆயுட்சிறை வந்தது. 1984இல், 1974ஆம் ஆண்டிலேயே முஸ்லிம்கள் அல்லர் என்று யாப்பால் ஒதுக்கப்பட்டிருந்த அகமதியர், தம்மை முஸ்லிம்கள் என்று சொல்லிக்கொள்வதே குற்றமாயிற்று. 1986இல் 295சி வந்தது. நபிகளை நேராகவோ மறைமுகமாகவோ, சாடையாகவோ குறிப்பாகவோ நிந்தித்தால் மரணம் அல்லது ஆயுட்சிறை. கெடுநோக்கு என்ற பேச்சே அதில் இல்லை. 1990இற் கூட்டாட்சி ஷரீஅத் நீதிமன்றம் ஆயுட்சிறை என்ற மாற்றுத் தண்டனையும் இஸ்லாத்துக்கு மாறானது என்று தீர்த்தது. எஞ்சியது தூக்கு மட்டுமே.

1986இற்கு முன் இத்தகைய வழக்குகளை விரல்விட்டு எண்ணலாம். பின்னர் ஆயிரத்தைத் தாண்டின. மக்கள் திடீரென நிந்தனை செய்யத் தலைப்பட்டனரா? வழக்குகளின் உள்ளே புகுந்து பாருங்கள். காணித் தகராறு, கடன், கடைப் போட்டி, பெண் தொடர்பு என்பனவே பெரும்பாலும் தென்படும். ஆயூப் மசீஹ் என்னும் இளைஞர் ஒருவரின் வழக்கைக் கமக்காரர்கள் கவனித்துக் கேட்க வேண்டும். 1996இற் கைதானார், 1998இல் மரணதண்டனை. அவர் ஊரிலிருந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் யாவும் ஒரேயடியாக வெளியேற நேர்ந்தது. அவருடைய குடும்பத்தின் குடியிருப்பு நிலம் முறைப்பாடு செய்தவரின் கைக்குப் போயிற்று. அத்தண்டனையைக் கண்டித்து, பைசலாபாத் ஆயர் ஜோன் ஜோசப், 1998 மே மாதத்திலே சாகிவால் நீதிமன்ற வாசலில் தம்மைத்தாமே சுட்டுக்கொண்டு இறந்தார். 2002இல் உயர் நீதிமன்றம் ஆயூபை விடுதலை செய்தது. காணியைப் பறிக்க உறுதியும் வேண்டாம், நொத்தாரிசும் வேண்டாம், ஒரு முறைப்பாடு போதும் என்றால் அந்த ஊரில் யார் நிம்மதியாக உறங்குவார்?

நானறிந்தவரை 295சியின் கீழ் ஒருவரையேனும் பாக்கிஸ்தான் அரசு தூக்கிலிட்டதில்லை. இதை எடுத்துக்காட்டி, சட்டம் வெறும் காகிதமே என்று அந்நாட்டுத் தூதர்கள் ஜெனீவாவிற் பேசுவதுண்டு. தூக்குமேடைக்குப் போகுமுன்னரே கொல்லப்பட்டோர் பலர் என்பதை அவர்கள் சொல்வதில்லை. நீதிமன்ற வாசலில், சிறைக்கூடத்தில், நடுத்தெருவில் அவர்கள் கொல்லப்பட்டனர். குற்றம் சாட்டப்பட்டவரை விடுவித்த லாகூர் மேல் நீதிமன்ற நீதியரசர் ஆரிப் இக்பால் பட்டி, ஓய்வுபெற்ற பின்னர் 1997இற் சுட்டுக்கொல்லப்பட்டார். முல்தானில் விரிவுரையாளர் ஒருவருக்காக ஆசராகிய சட்டத்தரணி ரஷீத் ரஹ்மான், 2014 மே மாதத்தில் தம் அலுவலகத்திலேயே கொல்லப்பட்டார். 2019 டிசெம்பரில் அந்த விரிவுரையாளருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது.

இனி வெளியார் நெருக்குதலுக்கு வருவோம்.

ஆசியா பீபிக்குத் தண்டனை விதித்த அதே மாதத்திற் பாப்பரசர் பதினாறாம் ஆசீர்வாதப்பர் அவளை விடுவிக்குமாறு பகிரங்கமாகக் கேட்டார். உலகெங்கும் குரல் எழுந்தது. உள்நாட்டிலும் மூவர் துணிந்தனர். பஞ்சாப் ஆளுநர் சல்மான் தசீர் சிறைக்கே சென்று அவளைச் சந்தித்து, அது கறுப்புச் சட்டம் என்றார். ஷெரி ரஹ்மான் என்னும் பெண் உறுப்பினர் சட்டத்தைத் திருத்தப் பாராளுமன்றத்தில் ஒரு தனியார் மசோதாவை முன்வைத்தார். சிறுபான்மையினர் அமைச்சர் ஷாபாஸ் பட்டி அவர்களோடு நின்றார். 2011 ஜனவரி 4ஆந் திகதி, தசீரை அவருடைய மெய்க்காவலனே சுட்டுக்கொன்றான். மார்ச் 2ஆந் திகதி பட்டி கொல்லப்பட்டார். மசோதா மீளப் பெறப்பட்டது. கொலையாளியை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தபோது அவன்மேல் ரோசா இதழ்களைச் சொரிந்தவர்கள் யார்? கறுப்பு அங்கி அணிந்த சட்டத்தரணிகள். என் தொழிலைச் சேர்ந்தவர்கள்! அவனுக்குத் தண்டனை வழங்கிய நீதிபதி நாட்டை விட்டே போக நேர்ந்தது. 2016இல் அவனைத் தூக்கிலிட்டது அரசு. இன்று அவன் சமாதி, யாத்திரைத் தலமாக விளங்குகிறது.

இந்த அச்சத்தின் நடுவேதான் உயர் நீதிமன்றம் 2018 ஒக்டோபர் 31ஆந் திகதி ஆசியா பீபியை விடுவித்தது. நினைவில் வைக்கச் சொன்னேனே, அதே திகதி! சாட்சிகள் ஒருவருக்கொருவர் முரணாகப் பேசியதையும், ஊர்க்கூட்டத்தில் அவள் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது கூடியிருந்தோர் நூறு பேர் என்பது முதல் ஆயிரத்துக்கு மேல் என்பதுவரை வெவ்வேறு கணக்குச் சொன்னதையும் நீதியரசர்கள் எடுத்துக்காட்டினர். நெடுஞ்சாலைகள் மூன்று நாள் முடங்கின. 2019 மே மாதத்தில் அவள் கனடா போய்ச் சேர்ந்தாள்.

வெளியார் நெருக்குதல் இதில் உதவவில்லை என்று நான் சொல்லமாட்டேன். பாக்கிஸ்தானுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2014 ஜனவரி முதல் ஜீ.எஸ்.பி. பிளஸ் என்னும் வரிச்சலுகை வழங்கி வருகிறது. நமக்கும் அறிமுகமான சலுகைதான். 27 சர்வதேச உடன்படிக்கைகளை மதித்து நடந்தால் ஆடைகளும் பிற பொருள்களும் தீர்வையின்றி ஐரோப்பாவுக்குள் புகலாம். இந்தக் கயிறு எவ்வாறு இழுக்கும் என்பதற்கு இன்னொரு வழக்கைச் சொல்கிறேன். கோஜ்ரா என்னும் பட்டினத்து ஏழைக் கிறிஸ்தவத் தம்பதி. கணவர் இடுப்பின் கீழ் இயக்கமற்றவர். கைத்தொலைபேசியில் ஆங்கிலத்திலே நிந்தனைச் செய்தி அனுப்பினர் என்று 2014இல் மரணதண்டனை. மேன்முறையீடு ஏழாண்டுகள் ஒத்திவைத்து ஒத்திவைத்துக் கிடந்தது. 2021 ஏப்ரில் 29ஆந் திகதி, அவ்விருவரையும் குறிப்பிட்டு, பாக்கிஸ்தானின் வரிச்சலுகையை மீளாய்வு செய்ய வேண்டும் என்று ஐரோப்பியப் பாராளுமன்றம் மிகப் பெரும்பான்மையாற் தீர்மானித்தது. ஐந்து வாரம் கழித்து, யூன் 3ஆந் திகதி, லாகூர் மேல் நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. ஒன்று மற்றதனால் விளைந்தது என்று நான் சத்தியம் செய்ய இயலாது. ஆனால் ஏழாண்டு அசையாத கோப்பு ஐந்து வாரத்தில் அசைந்ததைக் காணக் கண் இருந்தால் போதும்.

சரி, சட்டம் அசைந்ததா? ஓர் எழுத்துக்கூட இல்லை. 2023 ஜனவரியிலே பாக்கிஸ்தான் தேசிய சபை, நபிகளின் குடும்பத்தாரையும் தோழரையும் நிந்திப்போருக்கு அதுவரை இருந்த மூன்றாண்டுச் சிறையைப் பத்தாண்டுக்குக் குறையாததாக உயர்த்தும் மசோதா ஒன்றை நிறைவேற்றியது. அதே ஆண்டு ஓகஸ்ட் 16ஆந் திகதி ஜரன்வாலாவில் இருபதுக்கு மேற்பட்ட தேவாலயங்களும் பல வீடுகளும் எரிக்கப்பட்டன. அயலார் கேட்டதற்காகச் சட்டத்தை மாற்றினார் என்ற பெயரை வாங்க எந்த அரசியல்வாதி முன்வருவார்? தீர்மானம் ஒவ்வொன்றும் வீதியில் நிற்கும் கட்சிக்கு ஒரு புதிய சுவரொட்டி. நெருக்குதல் ஒரு மனிதனை மீட்கிறது. அவனைச் சிறையிட்ட பிரிவோ, எதிர்ப்பைத் தின்று கொழுக்கிறது. நெருக்குவோர் பிரசல்சில் இருக்கின்றனர். அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் தசீரும் பட்டியும்.

நெருக்குவோரின் கையும் சுத்தமானதா என்றும் கேட்க வேண்டும். இங்கிலாந்து தன் சொந்த நிந்தனைச் சட்டத்தை நீக்கியது 2008இலேதான். அயர்லாந்து 2018இல் மக்கள் வாக்கெடுப்பால் நீக்கியது. ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி ஆகியவற்றின் கோவைகளில் அத்தகைய பிரிவுகள் இன்னும் உள. ஆசியா பீபி விடுதலையாவதற்கு ஆறு நாள் முன்பு, 2018 ஒக்டோபர் 25ஆந் திகதி, நபிகளை இழிவாகப் பேசிய ஆஸ்திரியப் பெண்ணுக்கு விதித்த 480 யூரோ அபராதத்தை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சரியென்று உறுதி செய்தது. தூக்குக்கும் அபராதத்துக்கும் மலைக்கும் மடுவுக்குமுள்ள வித்தியாசம் உண்டு, நான் அறிவேன். ஆனால் கொள்கை? டென்மார்க் 2017இல் நீக்கிய சட்டத்தின் சாயலை, குர்ஆன் எரிப்புகளுக்குப் பின், 2023 டிசெம்பரில் வேறு வடிவிற் திரும்பக் கொண்டுவந்தது. அங்கேயும் நெருக்குதல்தான், திசை மட்டும் வேறு.

பாக்கிஸ்தானும் வாளாவிருக்கவில்லை. சமயங்களை அவதூறு செய்வதைக் கண்டிக்கும் தீர்மானத்தை 1999இல் இஸ்லாமிய நாடுகளின் சார்பில் ஐ.நா. மனித உரிமை ஆணைக்குழுவுக்குக் கொண்டுவந்தது. பத்தாண்டுக்கு மேலாக ஆண்டுதோறும் அது நிறைவேறிற்று. 2011 மார்ச் மாதத்தில், பட்டி கொல்லப்பட்ட அதே மாதத்தில், அதைக் கைவிட்டு, சமயத்தையன்றிச் சமயத்தவரான மனிதரைக் காக்கும் 16/18ஆம் இலக்கத் தீர்மானத்துக்கு அனைவரும் இசைந்தனர். நிந்தனைச் சட்டங்கள் குடியியல் அரசியல் உரிமைச் சமவாயத்துக்குப் பொருந்தா என்று அதே ஆண்டு யூலையில் ஐ.நா. மனித உரிமைக் குழு விளக்கம் வெளியிட்டது. பகைமையையும் வன்முறையையும் தூண்டும் பேச்சு மட்டுமே அதற்கு விலக்கு. இந்த விலக்கையும் மறவாதிருங்கள். நம் வீட்டுக்கு வரும் பாதை அதுவே.

வருமுன் சியால்கோட்டில் ஒரு நிமிடம் நிற்போம். 2021 டிசெம்பர் 3ஆந் திகதி அங்கே ஓர் ஆடைத் தொழிற்சாலையின் முகாமையாளர், இலங்கையரான பிரியந்த குமார, சமய வாசகம் பொறித்த சுவரொட்டியை அகற்றினார் என்று குற்றஞ்சாட்டிய கும்பலால் அடித்துக் கொல்லப்பட்டார், உடலும் எரிக்கப்பட்டது. சிங்களவர்; நம் நாட்டவர்; பிழைக்கப் போன இடத்தில் மாண்டார். உடன் வேலை செய்த பாக்கிஸ்தானியர் ஒருவர் கும்பலுக்கும் அவருக்கும் இடையே தம் உடலை வைத்து மறித்தார். முடியவில்லை. 2022 ஏப்ரிலில் ஆறு பேருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. அக்கும்பல் எந்த நீதிமன்றத்தையும் நாடவில்லை. ஆனால் நிந்தித்தவன் சாகவேண்டியவனே என்ற பாடத்தை அவர்களுக்குப் படிப்பித்தது சட்டப் புத்தகம்.

இனி நம் நாடு. 2006இல் நமது உயர் நீதிமன்றம், சிங்கராசா என்னும் தமிழரின் வழக்கிலே, குடியியல் அரசியல் உரிமைச் சமவாயத்துக்கு இலங்கையின் உள்நாட்டுச் சட்டத்தில் வலுவில்லை என்று தீர்த்தது. ஐரோப்பிய வரிச்சலுகை ஆபத்துக்குள்ளாகும் என்ற நிலையிலே, 2007இல் 56ஆம் இலக்கச் சமவாயச் சட்டம் அவசரமாக நிறைவேற்றப்பட்டது. வெளியார் நெருக்குதலுக்குப் பிறந்த பிள்ளை அது! அதன் 3ஆம் பிரிவு, பகைமையையும் வன்முறையையும் தூண்டும் சமய வெறுப்புப் பேச்சுக்குப் பத்தாண்டு வரை கடூழியச் சிறை என்கிறது. நீதவான் பிணை வழங்க இயலாது. மேல் நீதிமன்றம் மட்டுமே, அதுவும் விதிவிலக்கான சூழ்நிலையிலேயே வழங்கலாம். சிறுபான்மையோரைக் காக்கும் கேடயம் என்று வெளியுலகுக்குக் காட்டப்பட்டது.

அதில் அகப்பட்டோர் யாவர்? 2019இல் சிறுகதை எழுதிய சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார. நான்கு மாதத்துக்கு மேல் விளக்கமறியல், 2021 பெப்ரவரியில் விடுவிப்பு. 2019 மே மாதத்தில் ஹசலக்கையில் ஒரு முஸ்லிம் பெண்; அவர் அணிந்திருந்த ஆடையில் இருந்த கப்பற் சக்கரத்தைத் தருமச் சக்கரம் என்று எண்ணிக் கைது செய்தனர். 2020இல் ரம்சி ராசீக். வெறுப்புப் பேச்சை எழுத்தால் எதிர்க்க வேண்டும் என்று எழுதியவரையே ஐந்து மாதம் அடைத்து வைத்தனர். 2023 நவெம்பரில் உயர் நீதிமன்றம் அவருக்குப் பத்து இலட்சம் ரூபா நட்டஈடு வழங்கத் தீர்த்தது. 2023இல் நகைச்சுவைப் பேச்சாளர் நடாஷா எதிரிசூரிய. ஒருவர் கேட்கலாம்: முஸ்லிம்களை இகழ்ந்த ஞானசார தேரரும் தண்டிக்கப்பட்டாரே என்று. உண்மை. 2016இற் பேசியதற்கு 2024 மார்ச்சிலே, எட்டாண்டு கழித்து. சிறுகதை எழுதியவரோ முதலில் உள்ளே போனார். விசாரணை பிறகு வந்தது. சட்டம் ஒன்றே, அது நடக்கும் வேகம் ஆளைப் பார்த்து மாறுகிறது.

பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கும் யாப்பின் கீழ், பொலிசார் எந்தச் சமயத்தின் புண்பட்ட மனத்தை முதலில் அறிந்துகொள்வர் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? குருந்தூர்மலையிலும் வெடுக்குநாறிமலையிலும் நாம் கும்பிடப் போவதே பௌத்தத்தை நிந்திப்பது என்று முறையிட ஆள் இல்லையா? 2024 சிவராத்திரி இரவில் வெடுக்குநாறியிற் கைதானோர் பூசை செய்யப் போனவர்கள். நாம் கேட்டு வாங்கும் கடுஞ்சட்டம் கொழும்பில் அச்சாகும், நெடுங்கேணியில் அமுலாகும். அது முதலிற் தேடி வரும் கதவு நம்முடையதே.

வெளியிலிருந்து வரும் உறுதிமொழியையும் நாம் அறியாதவர்கள் அல்லர். சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு, எந்தச் சமூகத்துக்கும் சமயத்துக்கும் பாதகமான சட்டம் செல்லாது என்றது. 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமை போயிற்று. தேர்தற் பதிவு பற்றிய வழக்கிற் 1953இல் இலண்டன் பிரிவி கவுன்சிலும் கைவிரித்தது. 1972இல் அப்பிரிவே மறைந்தது. பின்னாளில் 2010 ஓகஸ்டில் ஐரோப்பா இலங்கையின் வரிச்சலுகையைப் பறித்தது. 2017 மே மாதத்தில் திருப்பிக் கொடுத்தது. அந்த ஏழாண்டிலும் பயங்கரவாதத் தடைச் சட்டம் நீங்கவில்லை. வேலை இழந்தோர், தையல் இயந்திரத்தின் முன் அமரும் ஏழைப் பெண்பிள்ளைகள்.

ஆதலின் முதலாவது தீர்மானத்தைக் கைவிடச் சொல்லவில்லை, கூர்மையாக்கச் சொல்கிறேன். சட்டத்தை மாற்று, சலுகையைப் பறி என்று பொதுவாகக் கேட்பதை விட்டு, நெருக்குதல் எங்கே பலித்ததோ அங்கே அதனைக் கேளுங்கள். பெயர் குறிப்பிட்ட கைதி, திகதி குறிப்பிட்ட வழக்கு. பிறநாட்டுத் தூதுவர்கள் நமது நீதிமன்றங்களில் வந்து உட்காரட்டும். அச்சுறுத்தப்படும் நீதிபதியையும் சட்டத்தரணியையும் பெயர் சொல்லிக் கேட்கட்டும். 2023 செப்டெம்பரில், குருந்தூர்மலை வழக்கை விசாரித்த முல்லைத்தீவு நீதிபதி, உயிரச்சுறுத்தல் எனக் காரணம் காட்டிப் பதவி துறந்து நாட்டை விட்டுப் போனார். அவர் இருந்த ஆசனத்தில் அடுத்து அமர்பவர் அஞ்சாது தீர்ப்பெழுத வழி செய்வது, ஜெனீவாவில் நிறைவேறும் பத்துத் தீர்மானத்துக்கு மேலானது.

தலைவர் அவர்களே, நேரம் கடந்துவிட்டது, சுருக்கமாக முன்மொழிகிறேன். முதலாவது தீர்மானத்தில் "பொருளாதாரத் தடை" என்னும் சொற்களை நீக்கி, "நீதிமன்ற அவதானிப்பும் நீதிபதிகள், சட்டத்தரணிகள், கைதிகள் ஆகியோரின் பாதுகாப்பும்" என்னும் சொற்களைச் சேர்க்க வேண்டும். இரண்டாவது தீர்மானத்தை மீளப்பெற்று, அதற்குப் பதிலாக, 2007ஆம் ஆண்டின் சமவாயச் சட்டத்து 3ஆம் பிரிவின்கீழ்ப் பிணை வழங்கும் அதிகாரத்தை நீதவானுக்கு அளிக்க வேண்டும் என்றும், சட்டமா அதிபரின் எழுத்துமூல அனுமதியின்றி அப்பிரிவின்கீழ் எவரையும் கைது செய்யலாகாது என்றும் இக்கூட்டம் கோர வேண்டும். அக்கோரிக்கையில் சத்குமாரவின் பெயரும், ராசீக்கின் பெயரும், எதிரிசூரியவின் பெயரும் இடம்பெற வேண்டும். தமிழர் கூட்டத்தில் சிங்களவரின் பெயரும் முஸ்லிமின் பெயரும் எதற்கு என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்கிறது. அந்தப் பிரிவின்கீழ் அவர்கள் முன்னே போனவர்கள், ஐயா. அதற்காகவே.

இத்திருத்தத்தை வழிமொழிய விரும்புவோர் எழுந்து, தம் பெயரைச் செயலாளரிடம் கூறுவார்களாக.